விற்கப்படவிருந்த கடற்கரை: ‘லோக்கல் ஹீரோ’ திரைப்படமும் ஐக்கியத்தைக் குறித்த நமது நாட்டமும்

திரைப்படம் ஒன்றை இறையியல் இதழில் மதிப்பிடுவது தகுமோ என வாசகர் சிலர் ஐயுறக்கூடும். அதிலும், மது அருந்தும் மனையொன்றை நடுவாகக் கொண்ட கதை எனின் அவ்வையம் இன்னும் மிகும். ஆயினும், மனிதர் ஒருவரோடொருவர் கூடி வாழ்வதன் பொருள் யாது, எளிய வாழ்வு என நாம் போற்றுவது எது என்னும் வினாக்களை நேர்மையாக எழுப்பும் படைப்பு எதுவாயினும், அது நம் ஆய்வுக்கு உரியதே. பில் ஃபோர்சைத் எழுதி இயக்கி 1983-ஆம் ஆண்டு வெளிவந்த ‘லோக்கல் ஹீரோ’ அத்தகையதொரு படம். சிறந்த இயக்கத்திற்கான பிரித்தானியத் திரைப்படக் கழகத்தின் பரிசு இதற்காக அவருக்கு வழங்கப்பட்டது. இதன் கதை 2019-ஆம் ஆண்டு எடின்பரோவில் இசை நாடகமாகவும் மேடையேறியது.

இப்படத்தைப் பலரும் ஒரே வகையாகவே நினைவுகூருகின்றனர்: பெருநகர மனிதன் ஒருவன் சிற்றூரின் பொதுமனையில் உண்மையான தோழமையைக் கண்டடைந்து மனம் மாறிய இனிய கதை என்பதே அவர்தம் கூற்று. இக்கூற்று பாதி உண்மையே. மறுபாதியைக் காணத் தவறினால், படத்தின் சிறப்பையும் அதன் குறையையும் ஒருங்கே இழந்தவர்களாவோம்.

கதையும் களமும்

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரிலுள்ள ஓர் எண்ணெய் நிறுவனம், ஸ்காட்லாந்தின் கடலோரத்தில் ஃபெர்னஸ் என்னும் சிற்றூரை முழுமையாக விலைக்கு வாங்கி, அவ்விடத்தில் எண்ணெய் ஆலை நிறுவ எண்ணுகிறது. இதற்கென மெக்கின்டயர் என்னும் அலுவலர் அனுப்பப்படுகிறார். அவருடைய பெயர் ஸ்காட்லாந்தியப் பெயர் என்பதே அவர் தெரிவு செய்யப்பட்டதற்குக் காரணம். உண்மையிலோ அவருடைய முன்னோர் ஹங்கேரியர். அமெரிக்காவில் குடியேறியபோது, அமெரிக்கப் பெயர் போல் ஒலிக்கும் என எண்ணி இப்பெயரைச் சூட்டிக்கொண்டவர்கள். ஆகவே, வேரற்ற மனிதன் ஒருவனே வேருள்ளவர்களின் நிலத்தை விலைபேச வருகிறான். கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் அமர்ந்திருக்கும் உடன்பணியாளரிடமும் தொலைபேசி வழியாகவே பேசிப் பழகியவன் அவன்.

இக்கதை வெறுங்கற்பனை அன்று. 1970-ஆம் ஆண்டு வடகடலில் ஃபோர்ட்டீஸ் எண்ணெய் வயல் கண்டுபிடிக்கப்பட்டபின், ஸ்காட்லாந்தின் மீனவர் ஊர்கள் பலவற்றை எண்ணெய் நிறுவனங்கள் நாடின. ஷெட்லாண்ட் தீவுகளின் சல்லம் வோ, ஆர்க்னித் தீவுகளின் ஃப்ளோட்டா ஆகிய இடங்களில் பெரும் எண்ணெய் முனையங்கள் எழுந்தன. படம் வெளிவந்த காலத்துப் பார்வையாளருக்கு இது செய்தித்தாளில் நாள்தோறும் படித்த பொருளாகவே இருந்திருக்கும்.

பொதுமனையின் நன்மை

‘பப்’ என்பது ‘பப்ளிக் ஹவுஸ்’ என்னும் சொற்றொடரின் சுருக்கம். பொதுமனை என்பதே அதன் நேர்ப்பொருள். நம் நாட்டு மதுக்கடையோடு அதனை ஒன்றாக எண்ணுதல் பொருந்தாது. குடும்பத்தோடு வந்து உண்பதும், ஊர்ச்செய்தி பேசுவதும், மழைக்கு ஒதுங்குவதும் அங்கே இயல்பு. இல்லம், பணியிடம் ஆகிய இரண்டுக்கும் அப்பால் மனிதர் தடையின்றிக் கூடுமிடத்தை ‘மூன்றாம் இடம்’ என அமெரிக்கச் சமூகவியலார் ரே ஓல்டன்பர்க் 1989-இல் வெளிவந்த தம் நூலில் பெயரிட்டார். ஆங்கிலேயப் பொதுமனை அவர் எடுத்துக்காட்டிய இடங்களுள் ஒன்று.

ஃபெர்னஸின் பொதுமனையை நடத்துபவர் கோர்டன். அவரே விடுதிக்காரர், அவரே சமையற்காரர், ஊரின் கணக்கரும் அவரே. மெக்கின்டயர் அம்மனையில் தங்குகிறார். நாட்கள் செல்லச்செல்லக் கழுத்துப்பட்டை கழல்கிறது, முகமழிப்பதும் நின்றுபோகிறது. ஹூஸ்டனின் அலுவல் நேரத்தை அறிவிக்கும் அவருடைய கைக்கடிகாரம், சிப்பி பொறுக்கச் சென்றவிடத்தில் கடல்நீரில் கிடந்து ஒலிக்கிறது, கேட்பார் இல்லை. தலைமை அலுவலகத்தோடு பேச ஊரின் ஒரே சிவப்புத் தொலைபேசிப் பெட்டிக்குச் செல்ல வேண்டும். அதற்குச் சில்லறை வேண்டும். அவர் கேட்டவுடன் பொதுமனையில் இருந்தோர் தத்தம் பைகளைத் துழாவிக் காசுகளைத் தருகின்றனர். கோடிக்கணக்கில் விலைபேச வந்தவர், சில்லறைக்காக அயலாரிடம் கையேந்தி நிற்கிறார். ஐக்கியத்தின் தொடக்கத்தை இவ்வளவு எளிமையாகக் காட்டிய காட்சிகள் திரையில் அரிதே. பிறரிடம் பெற்றுக்கொள்ளும் தாழ்மை இன்றி எவரும் ஒரு சமூகத்துள் நுழைய இயலாது.

திருச்சபையார் இதனைக் கண்டு முகஞ்சுளிக்கத் தேவையில்லை. நம் ஆண்டவர் ஆயக்காரரோடும் பாவிகளோடும் பந்தியிருந்ததால் பழிக்கப்பட்டவர் (லூக்கா 7). கூடிவாழ்வின் தாகம் ஆலயத்திற்கு வெளியிலும் உண்டு. அங்கே அது ஓரளவு தணிக்கப்படுவதும் உண்டு. அதனை மறுப்பது பொய்ச்சான்று கூறுவதாகும்.

எனினும் ஒன்றைக் கூறாமல் விடலாகாது. இப்படத்தில் மதுவால் எவருக்கும் தீங்கில்லை. மெக்கின்டயரின் வெறிமயக்கமும் நகைப்புக்குரியதாகவே காட்டப்படுகிறது. ஸ்காட்லாந்தின் வரலாறோ வேறு கூறுகிறது. 1913-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி ஊர்மக்களே வாக்களித்துத் தம் ஊரின் மதுமனைகளை மூட இயன்றது. விக் என்னும் மீன்பிடித் துறைமுகம் 1922 முதல் 1947 வரை அவ்வாறு மதுவற்ற ஊராக இருந்தது. 2018-ஆம் ஆண்டு மே முதல் நாளிலிருந்து மதுவுக்குக் குறைந்தபட்ச விலையையும் அந்நாட்டு அரசு சட்டத்தால் நிர்ணயித்துள்ளது. பொதுமனையின் ஒளியை மட்டும் காட்டி நிழலை மறைத்தது இப்படத்தின் முதற்குறை.

வரவேற்பின் மறுபக்கம்

இங்கே படத்தின் மறுபாதிக்கு வருகிறோம். ஃபெர்னஸ் மக்கள் தம் எளிய வாழ்வைக் காக்க விரும்புபவர்கள் அல்லர். விலை எப்போது வரும் எனக் காத்திருப்பவர்கள். அவ்வாறு காத்திருப்பதை வந்தவரிடம் மறைக்கிறார்கள். ஆவலைக் காட்டினால் விலை குறையும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே, மெக்கின்டயர் காணும் அமைதியான அன்றாட வாழ்வில் ஒரு பகுதி அவருக்காகவே நடிக்கப்படுவது. அவர் ஊரைக் கண்டு மயங்க மயங்க, ஊரார் தாம் வாங்கப்போகும் பொருள்களைக் குறித்துப் பேசி மகிழ்கின்றனர். விற்பவனுக்கு விற்க ஆசை. வாங்க வந்தவனுக்கோ வாங்கவே மனமில்லை. இத்தலைகீழ் நிலையே படத்தின் நகைச்சுவைக்கும் அதன் துயரத்திற்கும் ஊற்று.

சிறு நிகழ்ச்சி ஒன்று இதனை விளக்கும். பனிமூட்டத்தில் வண்டியில் அடிபட்ட முயல் ஒன்றை மெக்கின்டயரும் அவருடைய துணைவரும் இரக்கங்கொண்டு எடுத்துவந்து பேணுகின்றனர். கோர்டன் அதனைக் கறியாகச் சமைத்து அவர்களுக்கே பரிமாறிவிடுகிறார். அவரிடம் கொடுமையேதும் இல்லை. சிற்றூரில் முயல் உணவு, அவ்வளவே. எளிய வாழ்வை வெளியிலிருந்து காண்பவனின் மென்னுணர்ச்சி வேறு. அதனை உள்ளிருந்து வாழ்பவனின் தேவை வேறு. மெக்கின்டயர் தாம் உண்ட கறி எது என அறிந்து திடுக்கிடுவது போலவே, நாமும் ‘எளிய கிராம வாழ்வு’ பற்றிய நம் கற்பனையின் முன் திடுக்கிட வேண்டியவர்களாகிறோம்.

சோவியத் மீன்பிடிக் கப்பலின் தலைவர் விக்டர் என்பவர் அவ்வூருக்கு அவ்வப்போது வந்துபோகும் நண்பர். ஊர் விற்கப்படுவதை எண்ணி மெக்கின்டயர் வருந்தும்போது, இது அவர்களுடைய இடம், இதனால் ஆன பயனை அடைய அவர்களுக்கு உரிமை உண்டு, இயற்கைக் காட்சியை எவரும் உண்டு வாழ முடியாது என்னும் பொருள்பட அவர் விடையளிக்கிறார். நிறைந்த வயிற்றோடு எளிமையைப் போற்றுவோர் அனைவருக்கும் இது தக்க விடை. பிறருடைய வறுமை நம் மன அமைதிக்காகக் காக்கப்பட வேண்டிய காட்சிப்பொருள் அன்று.

மெக்கின்டயரின் மாற்றத்தையும் இங்கே நுணுகி நோக்கவேண்டும். ஊர்க்கொண்டாட்ட இரவில், மதுமயக்கத்தில், அவர் கோர்டனிடம் ஒரு பரிமாற்றத்தை முன்வைக்கிறார்: ஹூஸ்டனிலுள்ள தம் வீட்டையும் விலையுயர்ந்த வண்டியையும் பதவியையும் கோர்டன் எடுத்துக்கொள்ளலாம், அதற்கு ஈடாக விடுதியையும் அவ்வாழ்வையும் தமக்குத் தரவேண்டும். கோர்டனின் மனைவி ஸ்டெல்லாவும் அப்பரிமாற்றத்தில் அடக்கம்! பார்வையாளர் நகைக்கின்றனர். பத்தாம் கற்பனையை அறிந்தவர்களோ சற்று நின்று சிந்திப்பர். அயலானுடைய வீட்டையும் மனைவியையும் இச்சிப்பதும் எளிய வாழ்வின் மீதுள்ள நாட்டமாக வேடம் பூண்டு வரக்கூடும். தாம் வெறுக்கத் தொடங்கிய வணிகத்தின் மொழி ஒன்றே அவருக்குத் தெரிந்த மொழி. ஐக்கியத்தையும் அவர் பண்டமாற்றாகவே கேட்கிறார்.

நாபோத்தின் கடற்கரை

விற்க மறுப்பவர் ஒருவர் உளர். பென் நாக்ஸ் என்னும் முதியவர் கடற்கரையில் குடிசையொன்றில் வாழ்ந்து, அலை ஒதுக்குவதைப் பொறுக்கிப் பிழைப்பவர். அக்கடற்கரை முழுவதும் அவர் முன்னோருக்கு நன்றிக்கடனாக அளிக்கப்பட்ட உரிமை நிலம் என்பது பின்னரே தெரியவருகிறது. 1 இராஜாக்கள் 21-ஆம் அதிகாரத்தை அறிந்த எவருக்கும் யெஸ்ரயேலனாகிய நாபோத் இங்கே நினைவுக்கு வருவான். பிதாக்களின் சுதந்தரத்தை விலைக்கோ வேறு நிலத்துக்கோ மாற்ற மறுத்தவன் அவன். நிலம் ஆண்டவருடையது, மக்கள் அதில் பரதேசிகளே என்னும் லேவியராகமம் 25-இன் போதனையே அம்மறுப்பின் அடிப்படை.

பென் தம் கைநிறைய மணலை அள்ளி, இதிலுள்ள மணல் எத்தனையோ அத்தனை பவுன் தந்தால் கடற்கரையைத் தருவதாகக் கூறுகிறார். சூழ்ச்சி என அஞ்சி மெக்கின்டயர் மறுக்கிறார். உண்மையில் ஒரு கையில் அடங்கும் மணல் பதினாயிரத்தைத் தாண்டாது என்பதைப் பின்னர் அறிகிறார். எதையும் விலையால் அளப்பவன், விலை மலிவாய் இருக்கையிலும் அதனை அறியமாட்டாமல் போகிறான்.

ஆனால் வேதாகமக் கதைக்கும் இதற்கும் அச்சந்தரும் வேறுபாடு ஒன்றுண்டு. அங்கே நாபோத்துக்கு எதிராக எழுந்தோர் அரசனும் அரசியும், அவர்களுக்கு அஞ்சிய ஊர் மூப்பரும். இங்கே எழுவது ஊர் முழுவதும். பென் இசையாததால் விற்பனை தடைபடும் என்று அறிந்த மக்கள், இருள்சூழும் வேளையில் கூட்டமாகக் கடற்கரை வழியே அவர் குடிசையை நோக்கி நடக்கின்றனர். அவர்களுடைய நோக்கம் யாது என்று சொல்லப்படவில்லை. பொதுமனையில் சில்லறைக் காசு ஈந்த அதே மக்களே இவர்கள். ஐக்கியம் எனப்படுவது தன்னளவில் நன்மையானதன்று, அது யாரைப் புறந்தள்ளி ஒன்றுகூடுகிறது என்பதைக் கொண்டே அதனை மதிப்பிட வேண்டும் என்று இக்காட்சி நமக்குப் போதிக்கிறது. படத்தின் ஆழமான கணம் இதுவே எனக் கருதுகிறேன்.

ஆயரின் மௌனம்

இவ்வூரின் ஆயர் மாக்பர்சன் ஓர் ஆப்பிரிக்கர். ஸ்காட்லாந்துத் திருச்சபை உலகெங்கும் அருட்பணியாளரை அனுப்பியது. சென்னையில் 1837-இல் ஜான் ஆண்டர்சன் தொடங்கிய பள்ளியே பின்னர் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாக வளர்ந்தது. அன்று அனுப்பியவர்களின் ஊரில் இன்று ஆப்பிரிக்கர் ஒருவர் மந்தையை மேய்க்கிறார் என்பது நகைப்புக்காக மட்டும் வைக்கப்பட்டதன்று.

ஆனால் அவர் செய்வதென்ன? விலையைக் குறித்து ஊரார் மறைவாகக் கூடும் இடம் ஆலயமே. ஆயர் வெளியே வந்து வந்தவர்களோடு உரையாடுகையில், அவர்கள் பின்னே மக்கள் சந்தடியின்றி ஆலயத்தை விட்டு ஓடி மறைகின்றனர். ஆலயமும் விற்பனைக்குரியவற்றுள் ஒன்று. இதற்கு எதிராகவோ ஆதரவாகவோ அவர் ஒரு சொல்லும் உரைத்ததாகப் படத்தில் இல்லை. எலியாவின் பணியிடம் வெற்றாகவே உள்ளது.

ஸ்காட்லாந்தின் வரலாறு அறிந்தோர்க்கு இம்மௌனம் உறுத்தும். 1843-ஆம் ஆண்டுப் பிரிவினையில், ஆயர் நியமனத்தில் நிலவுடைமையாளரின் அதிகாரத்தை ஏற்க மறுத்து 450-க்கு மேற்பட்ட ஆயர்கள் வீட்டையும் ஊதியத்தையும் துறந்து வெளியேறினர். 1845-இல் கிளென்கால்வி பள்ளத்தாக்கிலிருந்து துரத்தப்பட்ட குடியானவர்கள் கிராய்க் ஆலய வளாகத்தில் தங்கி, ஆலயச் சாளரக் கண்ணாடியில் தம் துயரைக் கீறிவைத்தனர். நிலவுடைமையாளருக்குத் துணைபோன ஆயர்களும் அக்காலத்தில் இருந்தனர். ஆயின், நிலத்தின் விதி தீர்மானிக்கப்படும் வேளையில் ஆயர் நடுநிலையாளராக இருக்க இயலாது என்பதற்கு அந்நாடே சான்று. அன்று நிலத்தை இழந்து அழுதவர்களின் வழித்தோன்றல்கள் இன்று அதனை மகிழ்ச்சியோடு விற்கின்றனர். இம்மாற்றத்தை ஆயர் உணர்ந்தாரா என்பதையேனும் படம் காட்டியிருக்கலாம்.

வானிலிருந்து வந்த தீர்வு

கூட்டம் குடிசையை நெருங்குகையில் நிறுவனத்தின் தலைவர் ஹாப்பர் உலங்கூர்தியில் வந்து இறங்குகிறார். வானியலில் பெருவிருப்புடைய அவர் பென்னோடு தனித்துப் பேசி நட்புக்கொள்கிறார். ஆலை கடலுக்குள் தள்ளி அமையும், கரையில் ஆய்வுநிலையம் எழும் என்று முடிவாகிறது. கடற்கரை தப்புகிறது.

கலையளவில் இது இனிய முடிவு. அறத்தளவில் குறையுடையது. ஊரின் விதியை ஊரார் தீர்மானிக்கவில்லை. செல்வந்தர் ஒருவரின் மனப்போக்கே தீர்மானித்தது. ஆகாப் நல்மனம் உடையவனாக நேர்ந்தான், அவ்வளவே. மக்கள் ஒன்றுகூடிப் பேரம் பேசும் வழியும் இருந்தது. ஷெட்லாண்ட் மாவட்ட மன்றம் 1974-ஆம் ஆண்டுத் தனிச்சட்டத்தின் வாயிலாகத் துறைமுகத்தின் மீது அதிகாரம் பெற்று, எண்ணெய் நிறுவனங்களிடமிருந்து தீவு மக்களுக்கென நிதி பெற்றது. விற்பது அல்லது வறுமையில் வாழ்வது என்னும் இரண்டே வழிகள் இருந்தன என்பது உண்மையன்று.

பொதுமனையைக் குறித்தும் வேறொரு கதை உண்டு. இங்கிலாந்தின் கும்பிரியாவில் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் சிற்றூரார், தம் ஊரின் ‘ஓல்ட் கிரௌன்’ பொதுமனை கைமாறவிருந்தபோது, 2003-ஆம் ஆண்டு கூட்டுறவாகப் பணம் திரட்டித் தாமே அதனை வாங்கினர். மூடப்படும் நிலையிலிருந்த பொதுமனைகளைப் பின்னர் வேறு பல ஊர்களும் இவ்வாறு வாங்கின. 2011-ஆம் ஆண்டு இயற்றப்பட்ட சட்டமொன்று இத்தகைய இடங்களை விலைக்குக் கோரும் வாய்ப்பை இங்கிலாந்தின் ஊர்ச்சமூகங்களுக்கு அளித்தது. கூடிவாழும் இடத்தைக் கண்டு மகிழ்வதோடு நில்லாமல், தம் கைப்பொருளை இட்டு அதனைக் காத்தவர்கள் இவர்கள். அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் காணும் ஐக்கியமும் உணர்ச்சியோடு நிற்கவில்லை, உடைமையையும் தொட்டது.

நமக்குரியது

மெக்கின்டயர் ஹூஸ்டனுக்குத் திருப்பியனுப்பப்படுகிறார். தம் வீட்டில் தனியே நின்று, சட்டைப்பையிலிருந்த சிப்பிகளை எடுத்து வைக்கிறார். நகரின் விளக்குகளை நோக்குகிறார். பின்னர் ஃபெர்னஸின் தொலைபேசிப் பெட்டியில் மணி ஒலிக்கிறது. யாரும் எடுக்கக் காணோம். படம் முடிகிறது.

ஜார்ஜ் ஆர்வெல் 1946-இல் எழுதிய கட்டுரையொன்றில், தமக்கு மிக உகந்த பொதுமனையின் இயல்புகளை விரித்துரைத்து, இறுதியில் அப்படியொரு மனை இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஃபெர்னஸும் அத்தகையதே. படத்தில் நாம் காணும் ஊர் ஸ்காட்லாந்தின் கிழக்கே பென்னன். கடற்கரையோ நாட்டின் மறுகரையில் கமுஸ்டாரக். இரு கரைகளையும் வெட்டி ஒட்டியே அவ்வெழிலூர் உருவானது. இன்றும் மக்கள் பென்னனுக்குச் சென்று அங்குள்ள தொலைபேசிப் பெட்டியருகே நின்று திரும்புகின்றனர். இல்லாத ஊருக்கு ஏங்குவது மனித இயல்பு, அவ்வேக்கத்தை இகழலாகாது. ஆனால் ஏக்கமே ஐக்கியமாகிவிடாது.

ஊழியத்தில் நிற்போர் இதனைத் தமக்கெனக் கேட்கவேண்டும். வார இறுதியில் கிராமச் சபைக்குச் செல்லும் இறையியல் மாணவர், மக்களின் எளிமையையும் அன்பையும் புகழ்ந்து அறிக்கை எழுதித் திரும்புவதுண்டு. இடமாற்றம் பெற்ற ஆயர் முந்தைய சேகரத்தின் பாசத்தைப் பல்லாண்டு பேசுவதுண்டு. அம்மக்கள் எதனை விற்க நேர்ந்தது, ஏன் விற்க நேர்ந்தது, அவர்களுள் பென் நாக்ஸ் யார், அவருடைய குடிசையை நோக்கி யார் நடந்தனர் என்பனவற்றை நாம் கேட்டறிந்தோமா? வார்த்தையானவர் மாம்சமாகி நம் நடுவே வாசம்பண்ணினார். வந்து பார்த்துவிட்டுச் சிப்பிகளோடு திரும்பினவர் அல்லர். எருசலேம் முற்றுகையிடப்பட்டிருந்த வேளையில் ஆனதோத்தில் நிலம் வாங்கிய எரேமியாவும் (எரேமியா 32) நம்பிக்கையை ஏக்கத்தில் விட்டுவிடாமல் பத்திரத்தில் எழுதி முத்திரையிட்டான்.

இப்படத்தைக் கல்லூரி மாணவர்க்குக் காட்டலாம் என்றே பரிந்துரைப்பேன். ஆனால் கண்டபின் முதலில் விவாதிக்க வேண்டியது பொதுமனையின் இனிமையை அன்று. இருளில் கடற்கரை வழியே நடந்த கூட்டத்தையும், அக்கூட்டத்தில் ஆயர் எங்கே நின்றார் என்பதையுமே.